38 விழுக்காட்டில் அணைந்துபோகும் மடிக்கணினி: சின்னம் பொய் சொல்கிறதா, பேட்டரியா?

கேள்வி: சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். ஐந்தாண்டுகளுக்கு முன் திருச்சியில் வாங்கிய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை நிறுவி, மகளின் பள்ளி வேலைகளுக்குப் பயன்படுத்துகிறோம். சென்ற ஆண்டு இங்குள்ள ஒரு கடையில் பேட்டரியை மாற்றினேன். சில மாதங்களாக, திரையோரச் சின்னம் 38 அல்லது 40 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி அணைந்துவிடுகிறது. தவிர, சார்ஜரைக் கழற்றிய பிறகும் சில வேளைகளில் அது இணைந்திருப்பதாகவே சின்னம் காட்டுகிறது. லினக்ஸை நீக்கிவிட்டு விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: விண்டோஸ் யோசனையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே சின்னத்தில் தெரிவதால் ஒரே கோளாறு போலத் தோன்றுகின்றன. ஆனால் அவை பிறக்கும் இடங்கள் வேறு. விழுக்காட்டுக் கணக்கு பேட்டரியின் உறைக்குள்ளேயே போடப்படுகிறது. சார்ஜர் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்வது மடிக்கணினியின் தாய்ப்பலகை. திரையில் உள்ள சின்னம் இவ்விரண்டையும் கேட்டு எழுதுகிறதே தவிர, தானாக எதையும் அளப்பதில்லை.

பேட்டரிக்குள் லித்தியம் கலங்களோடு ஒரு சிறிய அளவிச் சில்லும் இருக்கிறது. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் ஓயாமல் கூட்டிக் கழித்து, முழுக் கொள்ளளவில் இவ்வளவு மீதி என்று அது கணக்கு வைக்கிறது. சரக்கறையை எட்டிப் பார்க்காமல் பேரேட்டை மட்டும் நம்பி இருப்பு சொல்லும் கடைக்காரரைப் போன்றது இது: வரவும் செலவும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தாலும், தொடக்க இருப்பு தவறு என்றால் கடைசி வரியும் தவறுதான். கலங்கள் வயதாகிக் கொள்ளளவு குறைந்த பிறகும் சில்லு பழைய கொள்ளளவையே வைத்துக் கணக்குப் போட்டால், உங்களுக்கு நேர்வதுதான் நேரும். அந்தச் சில்லு சொல்லும் எண்ணை, தாய்ப்பலகையில் உள்ள எம்பெடட் கன்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுச் சில்லு வாங்கி, ஏசிபிஐ என்னும் பொது ஏற்பாட்டின் வழியே இயங்குதளத்துக்குக் கொடுக்கிறது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் 1996-இல் வெளியிட்ட அந்த ஏற்பாட்டைத்தான் விண்டோஸும் லினக்ஸும் இன்றுவரை படிக்கின்றன. ஆகவே, இயங்குதளத்தை மாற்றினால் அதே தவறான எண்ணை வேறொரு வடிவச் சின்னத்தில் பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

முதலில் விழுக்காட்டைப் பார்ப்போம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து, மின்நிலையைச் சொல்லும் யூபவர் கட்டளையை டம்ப் விருப்பத்துடன் (upower --dump) இயக்குங்கள். பேட்டரிக்குரிய பகுதியில் 'எனர்ஜி ஃபுல்', 'எனர்ஜி ஃபுல் டிசைன்' என்ற இரு வரிகள் வரும். இரண்டாவது, பேட்டரி புதிதாக இருந்தபோது கொள்ளும் என்று தயாரிப்பாளர் எழுதிய அளவு. முதலாவது, இன்று முழுதாக ஏற்றினால் கொள்ளும் என்று சில்லு நம்பும் அளவு. எடுத்துக்காட்டாக 45 வாட்-மணி என்று வடிவமைத்த பேட்டரி இன்று 31 என்று சொன்னால், அதன் மிச்ச ஆயுள் ஏறத்தாழ 69 விழுக்காடு. கணக்கு நடப்பில் இருக்கிறது என்று கொள்ளலாம். உங்கள் கணினியில் இரண்டு எண்களும் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தால் சந்தேகப்படுங்கள். ஓராண்டாக அன்றாடம் உழைத்த பேட்டரி ஒரு துளியும் குறையவில்லை என்று சொல்வது, சில்லு இன்னும் தன் கணக்கைத் திருத்தவே இல்லை என்பதற்கான அடையாளம். மூலத் தயாரிப்பாளர் அல்லாதவர் செய்த மலிவான மாற்றுப் பேட்டரிகள் சிலவற்றில் இதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அதே பட்டியலில் உள்ள வோல்டேஜ் வரி. பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. எனக்கோ விழுக்காட்டைவிட இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் அது நேராக அளந்த எண். லித்தியம் அயான் கலம் ஒன்று முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட்டும், காலியாகும் தறுவாயில் 3 வோல்ட்டும் காட்டும்; இடைப்பட்ட நெடும்பகுதியில் 3.7 அளவிலேயே நின்றுகொண்டிருக்கும். மூன்று கலங்களைத் தொடராக இணைத்த பேட்டரி என்றால் இவற்றை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 12.6, 9, 11.1. உறையின் மேல் 11.1 வோல்ட் அல்லது அதை ஒட்டிய எண் அச்சாகியிருந்தால் உங்களுடையது இவ்வகை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, மகள் வழக்கமாகச் செய்யும் வேலையையே செய்யட்டும். நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுக்காட்டையும் வோல்ட்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். விழுக்காடு 60-க்குக் கீழே இறங்கிய பிறகு இடைவெளியை இரண்டு நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் இரண்டில் ஒரு கதை இருக்கும். ஒன்று, விழுக்காடு இறங்குவதற்கு இணையாக வோல்ட் படிப்படியாகக் குறைந்து, 40-ஐ நெருங்கும்போதே பத்துக்குக் கீழே போயிருக்கும். கலங்கள் உண்மையிலேயே காலி, பேரேடுதான் பழையது. மற்றொன்று, 11 வோல்ட்டுக்கு மேல் நன்றாகவே நின்றிருந்த எண், காணொளி ஒன்றைத் திறந்ததும் ஒரே எட்டில் சரிந்து கணினி அணைந்திருக்கும். தொடரில் உள்ள மூன்று கலங்களில் ஒன்று மட்டும் நலிந்துவிட்டால் இப்படி ஆகும்: மற்ற இரண்டிலும் மின்சாரம் மிச்சமிருந்தாலும், நலிந்த கலம் தன் அடித்தளத்தைத் தொட்டவுடன் பாதுகாப்புச் சுற்று முழு பேட்டரியையும் துண்டித்துவிடுகிறது.

முதல் வகைக்கு அளவீட்டைச் சீரமைத்தால் போதும். முழுதாக ஏற்றி, நிறைந்த பிறகும் இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விட்டுவையுங்கள். பிறகு கழற்றி, கணினி தானாக அணையும்வரை பயன்படுத்துங்கள். கடைசிப் பகுதியில் கோப்புகளை மூடிவிட்டு, மறுதொடக்கம் செய்து, இயங்குதளம் தொடங்குவதற்கு முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையிலேயே நிறுத்திவைப்பது நல்லது, ஏனெனில் அங்கே அணைந்தால் எந்தக் கோப்பும் கெடாது. சில மணி நேரம் ஓயவிட்டு, இடையில் நிறுத்தாமல் மீண்டும் நூறுவரை ஏற்றுங்கள். காலியும் நிறைவும் எங்கே என்று சில்லு அப்போதுதான் கற்றுக்கொள்ளும். இதை வாரந்தோறும் செய்யச் சொல்வோர் இருக்கிறார்கள். வேண்டாம், அடிவரை காலியாக்குவது லித்தியத்துக்கு உகந்ததன்று. ஒரு முறை, தேவைப்பட்டால் இரண்டாவது முறை. அதற்குப் பிறகும் திருந்தாவிட்டாலோ, உங்களுடையது இரண்டாம் வகை என்று தெரிந்தாலோ, பேட்டரியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எச்சரிக்கை வராததற்கும் காரணம் இருக்கிறது. யூபவரின் இயல்பு அமைப்பில், 2 விழுக்காட்டுக்கு வந்தால்தான் கணினியைப் பத்திரமாக நிறுத்தும் செயல் தொடங்கும். உங்கள் பேட்டரி 38-இலிருந்து நேரே இருட்டுக்குப் போகிறது. 2 என்ற எண் வருவதே இல்லை. புதிய பேட்டரி வரும்வரை தற்காலிகமாக, யூபவரின் அமைப்புக் கோப்பில் பெர்சன்டேஜ் லோ (குறைவு), பெர்சன்டேஜ் கிரிட்டிக்கல் (நெருக்கடி), பெர்சன்டேஜ் ஆக்ஷன் (நிறுத்தும் செயல்) ஆகிய மூன்றையும் முறையே 55, 50, 45 என்று உயர்த்திவையுங்கள். மூன்றும் இறங்குவரிசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எழுதியதை ஒதுக்கிவிட்டுப் பழைய அளவுகளையே அது எடுத்துக்கொள்ளும். மகளின் கட்டுரை பாதியில் காணாமற்போவது இதனால் நிற்கும்.

இனி சார்ஜர். கழற்றிய பிறகும் இணைந்திருப்பதாகச் சின்னம் காட்டும் அந்த நேரத்திலேயே, கணினியை அணைக்காமல், டெர்மினலில் யூபவர் டம்ப் பட்டியலை மறுபடி எடுத்து, 'லைன் பவர்' பகுதியில் ஆன்லைன் என்ற வரி என்ன சொல்கிறது என்று பாருங்கள். அங்கே 'நோ' என்றிருந்தால் கீழே எல்லாம் சரி, பட்டையில் உள்ள சின்னம் மட்டும் தூங்கிவிட்டது; வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் போதும். 'யெஸ்' என்றிருந்தால், சிஸ் கோப்புறையில் கிளாஸ், அதற்குள் பவர் சப்ளை, அதற்குள் சார்ஜருக்குரிய கோப்புறை என்று இறங்கி, ஆன்லைன் என்ற கோப்பைத் திறவுங்கள். இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் நேரே வன்பொருளைக் கேட்டு எழுதும் பதில் அது. அங்கே சுழியம் இருந்தால் யூபவர்தான் பிந்திவிட்டது, அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் தீரும்; மூடியை மூடித் தூங்கவைத்த நிலையில் சார்ஜரைக் கழற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வருவதுண்டு. கழற்றிய பின்னும் ஒன்று என்றே இருந்தால் எம்பெடட் கன்ட்ரோலர் சிக்கிக்கொண்டிருக்கிறது. கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, ஆற்றல் பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு உங்கள் மாடலுக்குப் புதிய பயாஸ் வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பே சரிபார்க்க வேண்டிய ஒன்றை நான் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் நானே அதைக் கடைசியில்தான் கண்டுபிடித்தேன். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சார்ஜர் ஒன்று உருண்டை முள் செருகியோடு என்னிடமும் இருந்தது. இங்குள்ள சதுரத் துளைச் சாக்கெட்டில் அதை ஒரு பயண அடாப்டர் மூலம் செருகியிருந்தேன். ஒரு மாலை முழுவதும் மென்பொருளைக் குடைந்துவிட்டு, மாற்றங்களை உடனுக்குடன் விவரமாகக் காட்டும் மானிட்டர்-டீட்டெய்ல் விருப்பத்துடன் யூபவரை ஓடவிட்டபோதுதான், மேசையில் முழங்கை படும்போதெல்லாம் 'யெஸ், நோ, யெஸ்' என்று வரிகள் உருண்டோடியதைக் கண்டேன். அடாப்டருக்குள் முள் ஆடிக்கொண்டிருந்தது. உங்கள் கணினியும் திருச்சியிலிருந்து வந்தது என்பதால், உருண்டை முள் கம்பியை எடுத்துவிட்டு, சார்ஜர் பெட்டிக்குப் பொருந்தும் மும்முனைக் கம்பியை மட்டும் இங்கே வாங்கிப் போடுங்கள். சார்ஜரையே மாற்றத் தேவையில்லை. புதிய சார்ஜரே வாங்குவதானால் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை அதன்மேல் இருக்கிறதா, வோல்ட் அளவு பழையதோடு ஒத்துப்போகிறதா, வாட் அளவு குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி-சி வகையில் 65 வாட் கேட்கும் கணினிக்குக் கைப்பேசியின் 20 வாட் சார்ஜரைக் கொடுத்தால், இணைந்திருக்கிறது, ஆனால் ஏறவில்லை என்று சின்னம் காட்டும், அது உண்மையே. அதுபோல 80 விழுக்காட்டில் ஏற்றம் நின்றுவிடுவதும் பெரும்பாலும் பேட்டரியைக் காக்க யாரோ இயக்கிவைத்த வரம்புதான்.

பேட்டரியைக் கழற்றும்போது உறை உப்பியிருந்தாலோ, அதற்கு முன்பே தொடுபலகை மேலெழுந்திருந்தாலோ, மேற்சொன்ன சோதனைகள் எதையும் செய்யாமல் உடனே அணைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம். உப்பாத பழைய பேட்டரியையும் வீட்டுக் குப்பைக் குழாயில் போட்டுவிடாதீர்கள். 2021 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவுத் திட்டத்தின்படி, 300 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மின்பொருள் கடைகள் தங்கள் வளாகத்திலேயே மின்கழிவைப் பெற்றுக்கொள்ள வேண்டும். புதியதை வாங்கப் போகும்போதே, முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, பழையதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.