ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்தால் லூபஸ்தானா?

கேள்வி: எனக்கு வயது 36. எட்டு மாதமாக இரண்டு பாதங்களும் மரத்துப்போய் எரிகின்றன. அசதி, மூட்டுவலி வேறு. நான்கு டாக்டர்கள் பார்த்துவிட்டு ‘டென்ஷன்’ என்கிறார்கள். லேப் பேக்கேஜ் ஒன்றில் ஏஎன்ஏ 1:80 பாசிட்டிவ். அதை எடுத்துக்கொடுத்தவர் “இது லூபஸ், ஸ்டீராய்டு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்” என்கிறார். என்ன செய்வது? – வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த 1:80-ஐ மறந்துவிடுங்கள். ஏஎன்ஏ என்பது நம் உடம்பின் செல்களையே குறிவைக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ரத்தச் சோதனை; ரத்தநீரை எண்பது மடங்கு நீர்க்கச் செய்தும் அவை தெரிந்தன என்பதே 1:80. நோயே இல்லாத நூறு பேரைச் சோதித்தால், இந்த அளவில் பத்துப் பேருக்கு மேல் பாசிட்டிவ் வரும். எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோயான லூபஸ் என்று சொல்லச் சிறுநீரில் புரதம், ரத்த அணுக்கள் குறைவது, தோலில் தடிப்பு என்று வேறு சாட்சிகள் வேண்டும். பேக்கேஜ் விற்பவருக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்று பாசிட்டிவ் வந்தால், அடுத்துப் பல ஆயிரத்துக்கு இன்னொரு ‘புரொஃபைல்’ எழுதிவிடலாம். பெரிய மருத்துவமனை வாசலில் “பெரிய டாக்டரிடம் நானே அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன்” என்று நிற்பவரும் இதே ரகம்தான்.

இரண்டு பாதமும் மரத்துப்போனால் முதலில் பார்க்க வேண்டியவை சர்க்கரை, தைராய்டு, பி12. மூன்றும் மலிவான சோதனைகள். மருந்துக்கடையில் பி12 ஊசி ஏற்கெனவே போட்டுக்கொண்டீர்களா? அப்படியானால் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும், நம்பாதீர்கள். டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கண்ணும் வாயும் வறண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஷோக்ரன் என்ற நோய் நரம்பையும் தொடும், பலர் அதைக் கேட்பதே இல்லை.

அப்புறம் நரம்புக் கடத்தல் சோதனை எடுப்பார்கள். அது தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலை உணர்த்தும் மெல்லிய இழைகள் அதில் தெரியாது. ஆகவே அது நார்மல் என்பதால் ‘டென்ஷன்’ என்று முடிவு கட்டுவது, டாக்டரிடம் நேரம் இல்லை என்பதற்கான அடையாளம்.

ஸ்டீராய்டு போட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். பல நோய்கள் அதில் கொஞ்சம் தேறும், நிஜமான காரணம் மறைந்துபோகும். ஆனால் ஒரு விலக்கு உண்டு. ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினால், கால் பலம் நாளுக்கு நாள் குறைந்து மேலே ஏறினால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால், சிறுநீர் அடைத்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரிப்போர்ட், பைல், சொந்தக்காரர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பார்வை நரம்பு வீங்கியிருந்தால் ஸ்டீராய்டு ஊசி உடனே தேவைப்படலாம். அப்போது முதல் ஊசிக்கு முன் ஆன்டிபாடி சோதனைக்கு ரத்தம் எடுத்துவைக்கக் கேளுங்கள். அதன் முடிவு வர நாளாகும், சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. கால் பலம் இழக்கும் கில்லன் பாரே நோய்க்கோ ஸ்டீராய்டே உதவாது.

நம் முறையைப் பற்றி என்ன சொல்ல! நரம்பு டாக்டர் மூட்டு டாக்டரிடம் அனுப்புவார், அவர் திருப்பி அனுப்புவார், இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதனால் நீங்களே ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்த மாதம் எது தொடங்கியது, எது ஏறி இறங்குகிறது, எந்த மருந்து எப்போது. எம்ஆர்ஐ எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு சிடியையும் கொண்டுபோங்கள். நரம்பியல், ருமட்டாலஜி (மூட்டு டாக்டரின் பிரிவு) இரண்டும் ஒரே மருத்துவமனையில் இருக்கும் இடமாகப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் மூன்றிலும் அந்த வசதி உண்டு. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு.