வாசகர் கேள்வி – பதில்: துப்பாக்கி ஸ்கோப்பும் தனுஷ்கோடிப் பூநாரைகளும்

கேள்வி: டெக்சாஸில் பணிபுரியும் என் மகன் அங்கே உரிமம் பெற்று மான் வேட்டைக்குச் செல்கிறான். தன் உடலளவுக்கென்றே செய்யப்படும் நெடுந்தொலைவு ரைபிள் ஒன்றை வாங்கப்போகிறான். அதன் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு மட்டும் ரைபிளுக்கு இணையான விலை ஆகுமாம். இது தேவைதானா? அவனுடைய பழைய ஸ்கோப், தனுஷ்கோடியில் பூநாரைகளைப் பார்க்க எனக்கு உதவுமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: ஸ்கோப்புக்குச் செலவிடுவது வீண் அல்ல. ஆயினும் ரைபிளைத் தோளில் ஊன்றிப் பிடிக்கும் கட்டை அவருடைய தோளுக்கும் கைநீளத்துக்கும் பொருந்துகிறதா, கன்னத்தைக் கட்டையில் வைத்ததுமே கண் ஸ்கோப்பின் நடுவுக்கு நேராக வருகிறதா என்பதையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அளவுக்கெனச் செய்விப்பதன் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது. தோட்டாவில், 2007ஆம் ஆண்டு வெளிவந்த 6.5 கிரீட்மோர் போன்ற, பின்னுதைப்புக் குறைந்த வகை மானுக்குப் போதும். தோளை வலுவாக உதைக்கும் துப்பாக்கியை அடிக்கடி சுட்டுப் பழக எவருக்கும் மனம் வராது.

ஸ்கோப்பில் பெருக்கத்தின் எண்ணைவிடக் கண்ணாடியின் தரம் முக்கியம். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50 மி.மீ. கண்ணாடியில் 10 மடங்குக்கு அது 5 மி.மீ.; 25 மடங்குக்கோ 2 மி.மீ. மட்டுமே. மான் வெளிவருகிற விடியலிலும் அந்தியிலும் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஸ்கோப்புக்குள் குறிவைப்பதற்காகத் தெரியும் குறிக்கோடுகளும் பெருக்கத்தோடு சேர்ந்து பெரிதாகும் வகை, தொலைவை அளந்து சுடுவதற்கு ஏற்றது. ஆனால் குறைந்த பெருக்கத்தில் அக்கோடுகள் மிக மெல்லியவையாகி மங்கல் ஒளியில் மறைந்துபோவதால், காட்டுக்குள் செல்பவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தொலைவு இரட்டிப்பானால் காற்று தோட்டாவை ஒதுக்கும் அளவு இரட்டிப்புக்கும் மேலாகக் கூடுகிறது. எத்தனை விலையுள்ள ஸ்கோப்பும் அந்தக் காற்றைக் கணித்துச் சொல்லாது. ஆகவே, பயிற்சியில் தவறாமல் அடிக்க முடிகிற தொலைவுக்கு அப்பால் உயிருள்ள விலங்கைச் சுடக்கூடாது என்பதை உங்கள் மகன் உறுதியாகக் கொள்ள வேண்டும்.

அவருடைய பழைய ஸ்கோப் உங்களுக்கு உதவாது. துப்பாக்கியின் உதைப்பு கண்ணைத் தாக்காதிருக்கவே, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி அதைச் செய்கிறார்கள். கையில் பிடித்துப் பார்க்கும்போது காட்சி நழுவிக்கொண்டே இருக்கும், காணும் பரப்பும் குறுகியது. வேட்டைக்காரரும்கூட ஸ்கோப் வழியே விலங்கைத் தேடுவது பெருந்தவறு: அங்கே நிற்பது மனிதனாக இருந்தால், அவனை நோக்கித் துப்பாக்கியை நீட்டியதாகிவிடும். தேடுவதற்குப் பைனாகுலரைத்தான் பயன்படுத்த வேண்டும். உங்கள் மகனிடமும் நல்லதொன்று இருக்கட்டும்.

உங்களுக்கு 8×42, அதாவது 8 மடங்கு பெருக்கமும் 42 மி.மீ. முன்கண்ணாடியும் உள்ள பைனாகுலரைப் பரிந்துரைக்கிறேன். பத்து மடங்குக்கு மேற்பட்டால் கைநடுக்கமும் அதே அளவு பெருகும். கடற்காற்று ஓயாமல் வீசும் நம் கரையில் அது இன்னும் அதிகம். மூக்குக்கண்ணாடி அணிபவரானால், அதைக் கழற்றாமலே முழுக் காட்சியும் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பூநாரைகள் உப்பங்கழியின் நடுவில் வெகு தொலைவில் நிற்பதால், பின்னர் முக்காலியோடு கூடிய 80 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப் (தொலைவிலுள்ளதை ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) ஒன்றும் வாங்கலாம். 20–60 மடங்கு என்று எழுதியிருப்பதைக் கண்டு 60ஐ எதிர்பார்க்காதீர்கள். வெயில் ஏறியதும் தனுஷ்கோடி மணல் மீது எழும் கானல், 30 மடங்குக்கு மேல் எல்லாப் பறவைகளையும் நீரில் கரைந்த வண்ணமாக்கிவிடும். விடிந்து சிறிது நேரத்திற்குள், சூரியனை முதுகுப் பக்கம் வைத்துப் பாருங்கள். முக்காலியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். காற்றில் ஆடும் முக்காலியின் மேல் வைத்த விலையுயர்ந்த கண்ணாடியால் ஒரு பயனும் இல்லை. தனுஷ்கோடியில் 2025ஆம் ஆண்டு பெரும் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டுள்ளது. வலசை வந்து இரை தேடும் பறவை ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்த வலுவை இழக்கிறது என்பதால், நெருங்கிச் செல்லாமல் கரையிலிருந்தே பார்ப்பது நம் கடமை.

கேள்வி: என் பாட்டனார் காலத்தில் எங்கள் வீட்டில் வேட்டைத் துப்பாக்கி இருந்தது. உரிமம் பெற்றால் நானும் வேட்டைக்குச் செல்லலாமா?
– வாசகர், திருவாடானை

பதில்: கூடாது. துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழ் வருவது. அது வேட்டைக்கான அனுமதி ஆகாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ஆட்கொல்லியாகிவிட்ட விலங்கு போன்ற மிகச் சில விலக்குகளைத் தவிர, பட்டியலிடப்பட்ட உயிரினங்களை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. குறிபார்த்துச் சுடுவதில் ஆர்வம் இருந்தால், முறைப்படி இயங்கும் ரைபிள் கிளப்பில் சேர்ந்து இலக்குச் சுடுதலைப் பழகுங்கள்.

கேள்வி: என் பைனாகுலரின் உள்ளே சிலந்திவலை போன்ற படலம் தெரிகிறது. துடைத்தாலும் போகவில்லை.
– வாசகி, மண்டபம்

பதில்: அது பூஞ்சை. ஈரக்காற்று உள்ளே புகுந்ததால் வளர்ந்திருக்கிறது; நீங்களே பிரித்தால் கண்ணாடிகளின் நேர்கோடு கெட்டுவிடும் என்பதால், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அடுத்த முறை, நைட்ரஜன் நிரப்பி மூடிய, நீர்புகாத வகையாக வாங்குங்கள். அத்தகையதைக் கரையிலிருந்து திரும்பியதும் நன்னீரில் நனைத்த துணியால் வெளிப்புற உப்பைத் துடைத்துவிட்டு, தோலுறையில் அல்லாமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும். லென்ஸின் மேல் மணல் இருந்தால் முதலில் ஊதி அகற்றுங்கள். அப்படியே துடைத்தால் மேற்பூச்சில் கீறல் விழும்.