‘சுச்லு’ என்றால் குற்றவாளியா, தப்புச் செய்தவனா?

கேள்வி: குற்றம் பற்றிய மனப்பான்மையை அளக்கும் வினாநிரலைத் துருக்கிய மொழிக்கு மாற்றும் முறையைப் படித்து வருகிறேன். எங்கள் தோட்டத்து இளைஞர்களுக்காகத் தமிழிலும் செய்ய ஆசை. மொழிபெயர்த்து, வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டால் போதும்தானே?
– மனநல ஆலோசனை மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: போதாது. கனடாவில் மில்ஸ், குரோனர், ஃபோர்த் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2002-இல் வெளியிட்ட, குற்ற மனப்பான்மையையும் சகவாசத்தையும் அளக்கும் அளவுகோலையே பாருங்கள். முதல் பகுதி, ஒருவர் அதிகம் பழகும் நால்வரைப் பற்றிக் கேட்கிறது. இரண்டாம் பகுதியில் 46 வாக்கியங்கள்: வன்முறை, ‘எனக்கு உரிமை உண்டு’ என்ற நினைப்பு, குற்ற நோக்கம் மூன்றுக்கும் தலா 12, சகவாசத்துக்கு 10. ஒப்புக்கொள்கிறேன், இல்லை என்று இரண்டே பதில்.

துருக்கியத்தில் ‘சுச்லு’ என்றால் குற்றவாளி. தப்பு தன்மேல்தான் என்று குறுகுறுப்பவனும் ‘சுச்லு’தான். திரும்ப மொழிபெயர்ப்பவர் விவரம் தெரிந்தவர். இடம் பார்த்துச் சரியான ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிடுவார். ஒப்பீடு அழகாகப் பொருந்தும், கோளாறு உள்ளேயே கிடக்கும். மானத்துக்கும் அப்படியே. ‘ஷெரெஃப்’ ஒருவனின் கௌரவம். ‘நாமூஸ்’ வீட்டுப் பெண்களின் கற்போடு பிணைந்த மானம். வன்முறை வாக்கியத்தில் ‘நாமூஸ்’ நுழைந்தால், ஒரு வம்புக்கும் போகாதவர்கூட ‘ஆம்’ என்பார். அது குற்ற மனப்பான்மை ஆகாது.

எதிர்மறை இன்னும் பொல்லாதது. ‘சலாரிம்’ என்றால் திருடுவேன், ‘சல்மாம்’ என்றால் திருட மாட்டேன். ‘மாட்டேன்’ தனிச் சொல்லாக நிற்காமல் வினைக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது, வாசிக்கத் திணறுபவர் கண்ணுக்குத் தப்பிவிடும். தமிழில் ‘மாட்டேன்’ தனியே நிற்பதால் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் ‘திருட மாட்டேன்’ என்பதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், திருடுவானா மாட்டானா? இதை முன்கூட்டியே சோதித்தாக வேண்டும்.

எனவே இருவர் தனித்தனியே மொழிபெயர்க்கட்டும். குழுவாகப் பேசித் தேர்ந்தபின், யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களில் பத்துப் பேரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துக் காட்டி, “இதை உன் வார்த்தையில் சொல்” என்று கேளுங்கள். ‘குற்றவாளி’ என்பது ஏட்டுச் சொல்லாகப்பட்டு, ‘போலீஸ் கேஸ் உள்ளவன்’ என்றால்தான் அவர்களுக்குப் பிடிபடலாம். நால்வர் பட்டியலில் உறவா என்றும் குறியுங்கள். ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்த மச்சான், அவன் தேடிப் பிடித்த சகவாசம் அல்ல.

பிறகு முழு வினாநிரலையும் நிரப்பச் சொல்லிச் சோதிக்க, வாக்கியத்துக்குப் பத்துப் பேர் என்றால் 460 பேர் வேண்டும். இரண்டே பதில் என்பதால் காரணிப் பகுப்பாய்வை, அதாவது எந்த வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணக்கை, அதற்குரிய முறையில் செய்யுங்கள். ஐந்து படி அளவுகோல் போல நடத்தினால் கணக்கு கோணும். பதில் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க, இரண்டு மூன்று வாரம் கழித்து அவர்களையே மறுபடி கேளுங்கள். அதற்குப் பெயர் வேண்டாம், குறியெண் போதும். கேட்கும்போது அறையில் காவலர் இருக்கக்கூடாது. இருந்தால் எல்லோரும் நல்லவராகிவிடுவார்கள். கனடாவின் மதிப்பெண் எல்லையை இங்கே பொருத்தவே பொருத்தாதீர்கள்.

கேள்வி: வினாநிரல் இணையத்தில் கிடைக்கிறது. அப்படியே அச்சடிக்கலாமா?
– அதே ஊர் வாசகர்

பதில்: கூடாது. எந்த மொழி, யாரிடம், எத்தனை பேர் என்று உருவாக்கியவருக்கு எழுதி, ஒப்புதல் கைக்கு வந்தபின் மொழிபெயர்ப்பைத் தொடங்குங்கள்.