யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிய தோழி

கேள்வி: அக்கா, வணக்கமுங்க. சொந்த ஊர் கொடிவேரிப் பக்கம். கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். எங்கள் ஹாஸ்டலில் கத்தோலிக்கப் பிள்ளைகள் பதினோரு பேர். ராத்திரி எட்டரைக்கு என் அறையில் ஜெபமாலை சொல்வோம். அதில் முதல் வருஷப் பெண் ஒருத்தி ஒரு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை, மெஸ்ஸுக்கும் வருவதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஃபாதரிடம் போய்ப் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறாள். வெளியே வந்ததும் 'ஒன்றை விட்டுவிட்டேன்' என்று அழுகிறாள். போன வாரம், 'நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி' என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஜெபமாலையைக் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்களாம். ஒன்பது நாள் ஜெபமான நவநாளும் செய்து பார்த்தோம், குறையவில்லை. எங்கள் விசுவாசம் போதவில்லையா? டாக்டரிடம் போனால் கடவுளை நம்பாத மாதிரி ஆகாதா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மிணி, உன் கடிதத்தைப் பார்த்த உடனே உன்னிடம் போனில் பேசிவிட்டேன். அன்று அவசரத்தில் பாதிதான் சொன்னேன். உன்னைப் போல அறையில் ஜெபமாலை நடத்தும் பிள்ளைகள் அவினாசி ரோடு நெடுக இருக்கிறார்கள், பெருந்துறையிலும் சேலத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து மீதியை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சத்தியம். அது உன்னைக் கட்டாது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பிறருக்குக் கேடு தரும் செயலுக்குச் சத்தியம் செய்துவிட்டதால் வலு வந்துவிடாது என்று திருச்சபைச் சட்டமே 1201-ஆம் பிரிவில் சொல்கிறது. திருச்சபையின் போதனைத் தொகுப்பான கத்தோலிக்க மறைக்கல்வி இன்னும் தெளிவு. ரகசியத்தைக் காப்பதால் அதைச் சொன்னவருக்கே பெருங்கேடு வரும், வெளியே சொன்னால்தான் அதைத் தடுக்க முடியும் என்றால், தொழில்முறை ரகசியத்தைக்கூடச் சொல்லலாம் என்கிறது 2491-ஆம் எண். மருத்துவருக்கும் வக்கீலுக்குமே அப்படி என்றால், பக்கத்து அறைத் தோழிக்குக் கேட்கவே வேண்டாம். அவளிடம் ஒளிக்காமலே சொல்லிவிடு: "உன் உயிர் சம்பந்தப்பட்டதை நான் ஒருத்தியாக வைத்துக்கொள்ள மாட்டேன். யாரிடம் சொல்லலாம் என்று நீயே தேர்ந்தெடு, நானும் கூட வருகிறேன்." கோபித்துக்கொள்வாள். பரவாயில்லை, கோபம் ஆறும்.

விதிவிலக்கே இல்லாத ரகசியம் ஒன்று உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் கேட்டது. திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் பிரிவின்படி எந்தக் காரணத்துக்காகவும் அதை அவர் வெளியே சொல்ல முடியாது. இதை ஏன் இழுக்கிறேன் என்றால், பிள்ளைகள் பலர் 'ஃபாதரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்' என்று இருந்துவிடுகிறார்கள். அவரால் முடியாது. அவருக்கு மனசு அடித்துக்கொண்டாலும் வார்டனுக்குப் போன் போட முடியாது. ஆகவே அவள் ஃபாதரிடம் போவதாக இருந்தால், "ஃபாதர், இது பாவசங்கீர்த்தனம் இல்லை, உங்களோடு பேச வேண்டும்" என்று முதலிலேயே சொல்லட்டும். கோவில் திண்ணையில் உட்கார்ந்து பேசட்டும். அப்போதுதான் அவளைக் கேட்டுக்கொண்டு ஒரு டாக்டரையோ சிஸ்டரையோ அவர் கூப்பிட முடியும்.

அடுத்தது, நீ கேட்கத் தயங்கும் கேள்வி. "சாக வேண்டும் என்று தோணுதா?" என்று நேராகவே கேள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டதும் பெரும்பாலும் ஒரு பெருமூச்சு வரும், அப்புறம் பேச்சு வரும். ஆமாம் என்றால் அன்று ராத்திரி அவள் தனியாகப் படுக்கக் கூடாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளக்கூடிய எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. வார்டனுக்கு அப்போதே தெரிய வேண்டும். 14416-க்குப் போன் செய். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவை அது. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு இல்லை. நீ அவளுக்காகவும் பேசலாம், உனக்காகவும் பேசலாம். நிலைமை கைமீறுவதாகத் தெரிந்தால் 108.

அந்த நேரத்தில் 'தற்கொலை செய்தால் நரகம்' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பாவ பயத்திலேயே நொறுங்கிக் கிடப்பவளுக்கு அது இன்னொரு அடி. திருச்சபையின் போதனையும் அவ்வளவு மொட்டையானது இல்லை. தற்கொலையைத் தவறு என்றே சொல்கிறது. ஆனால் கடுமையான மனநலக் கோளாறும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்று மறைக்கல்வியின் 2282-ஆம் எண் சொல்கிறது. இறந்தவரின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறது அடுத்த எண். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இருந்த அடக்கச் சடங்கு மறுப்பை 1983-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. ஊரில் பெரியவர்கள் பலர் இன்னும் பழையதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அவள் படும் பாடு. நேரில் பார்க்காமல் இதற்கு ஒரு பெயர் வைக்க மாட்டேன். தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தாலே மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். உன் தோழிக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. கூடவே பாவசங்கீர்த்தனத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதும் இருக்கிறது.

இதே தொந்தரவோடு ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு ரூல்டு நோட்டை எடுத்து நீட்டினாள். பக்கம் பக்கமாகப் பாவங்கள், தேதி போட்டு. சொல்லி முடித்ததற்கு எதிரே பச்சை மையில் டிக். டிக்குக்குப் பக்கத்தில் சிவப்பில் கேள்விக்குறி, 'சரியாகச் சொன்னேனா?' அதற்கும் கீழே பென்சிலில் இன்னொரு கேள்விக்குறி. ஐந்தாம் வகுப்பில் தோழியின் ரப்பரை எடுத்ததற்கு மட்டும் ஏழு டிக் இருந்தது. நோட்டைப் பிடித்திருந்த விரலில் நகமே இல்லை, அவ்வளவு கடித்திருந்தாள். அவள் கெட்ட பெண்ணும் இல்லை, விசுவாசம் குறைந்தவளும் இல்லை. மனச்சான்று பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற கை மாதிரி ஆகிவிட்டது. பூட்டியதும் நினைவிருக்கிறது, இழுக்காமலும் இருக்க முடியவில்லை. எண்ணச் சுழல் நோய் (ஓ.சி.டி.) என்று மனநலத் துறையில் நாங்கள் சொல்வதன் ஒரு முகம் இது. மருந்தும் உண்டு, அந்தச் சந்தேகத்துக்கு உடனே பதில் தேடாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. மருந்து வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். நாலு நாளில் நிறுத்திவிட்டு 'பயனில்லை' என்று சொல்லக் கூடாது.

திருச்சபைக்கு இது புதிதில்லை. பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார், 1522-இல் ஸ்பெயினில் மான்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது இப்படித்தான் தவித்தார். சொன்ன பாவங்களையே மறுபடி மறுபடி சொன்னார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூட அவருக்கு வந்தது. ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தவரைச் சாப்பிடச் சொல்லி ஆணையிட்டவர் அவரிடம் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவானவர்தான். பழைய பாவங்களை இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகே அவர் கரையேறினார். ஒரே ஃபாதரிடம் போவது, அவர் போதும் என்றால் போதும் என்று நிறுத்துவது என்ற பழைய வழி இன்றைய சிகிச்சைக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது. நீங்களும் இதில் உதவலாம். 'கடவுள் மன்னித்துவிட்டாரா?' என்று அவள் பத்தாம் முறை கேட்கும்போது பத்தாம் முறையும் ஆமாம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு ஆமாமும் அடுத்த கேள்விக்கு எண்ணெய். "இதற்குப் போன தடவையே பதில் சொல்லிவிட்டேன், வா, டீ குடிக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

டாக்டரிடம் போனால் நம்பிக்கை இல்லை என்று ஆகுமா என்று கேட்டாய். நம் விவிலியத்தில் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை எடுத்து இன்று உங்கள் கூட்டத்தில் வாசி. மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்தை நிலத்திலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்கிறது. நோயுற்றால் செபி, அப்புறம் மருத்துவருக்கு இடம் கொடு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தையும் பார். இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து 'என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்கிறார். வானதூதர் அவரைத் திட்டவில்லை, விசுவாசப் பாடமும் நடத்தவில்லை. தூங்க விட்டார், தட்டி எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். மலைக்குப் பயணமும் கடவுளோடு பேச்சும் அதற்குப் பிறகுதான். திருத்தந்தை பிரான்சிஸ் தமது 42-ஆம் வயதில் ஆறு மாதம் வாரம் ஒருமுறை ஒரு மனப்பகுப்பாய்வாளரிடம் போனதாக அவரே 2017-இல் வெளியான பேட்டி நூலில் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் ஒரு குருவானவர்.

உறவினர் யாராவது 'காத்து கருப்பு' என்று கிளம்பினால், பேயோட்டும் சடங்குக்கு ஆயரின் தனி அனுமதி வேண்டும் என்று சொல். உளநோய் என்பது வேறு, அதைக் கவனிப்பது மருத்துவத்தின் வேலை என்று மறைக்கல்வியின் 1673-ஆம் எண்ணே பிரித்து வைத்திருக்கிறது.

வீட்டில் சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. 'டிப்ரஷன்' என்ற சொல்லோடு ஆரம்பிக்காதே. அம்மாவுக்குக் கண்ணில் படுகிற விஷயத்திலிருந்து ஆரம்பி: "ஏனுங்கம்மா, உங்க புள்ளை ஒரு மாசமா தூங்கறதே இல்லைங்க, நாலு கிலோ இளைச்சுட்டா, டாக்டர்கிட்டக் காட்டோணும்." எந்த அம்மாவும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சல் வரும் என்ற பயம் அப்புறம் வரும். மருத்துவ விவரத்தைக் காப்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மருத்துவமனையின் கடமை என்று அப்போது சொல்லலாம். பதினெட்டு முடிந்திருந்தால் அவள் தானாகவே போய்ப் பார்க்கலாம். முதல் வருஷத்தில் பலருக்குப் பதினேழுதான் நடக்கும், அப்போது பெற்றோர் வேண்டும். அவள் பிறந்த தேதியை இன்றே கேட்டு வைத்துக்கொள். கல்லூரியிலும் ஆலோசகர் இருக்க வேண்டும். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் நீங்கள் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் கேளுங்கள்.

உங்கள் ஜெபமாலைக் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு அதில் அக்கறை அதிகம். நான் ஹாஸ்டலில் இருந்தபோது எங்கள் கூட்டத்தில் ஒருத்தி மூன்று வாரம் வரவில்லை. 'விசுவாசம் குறைஞ்சுபோச்சு' என்று நாங்களே பேசிக்கொண்டோம். யாரும் அவள் அறைக் கதவைத் தட்டவில்லை. அவள் படிப்பை விட்டு ஊருக்குப் போனது காலிக் கட்டிலைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இன்றும் அது எனக்கு வலிக்கிறது. நீ கதவைத் தட்டியிருக்கிறாய். வின்சென்ட் தே பவுல் சபையை 1833-இல் பாரீசில் தொடங்கிய ஓசானாம் அப்போது இருபது வயது மாணவர். ஏழைகளின் வீடு தேடிப் போவதுதான் அந்தச் சபையின் முதல் வேலை. உங்களுக்கு அந்த வீடு எதிர் அறையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் சொல்ல வேண்டாம், பத்து மணிகள் மட்டும் சொன்னால் போதும் என்று ஒரு நாள் வையுங்கள். மீதி நேரம் ஒவ்வொருவரும் அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்லட்டும், நீயே முதலில் சொல். புலியகுளம் அந்தோணியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகிறவர்கள் அவளையும் கூப்பிடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். உங்களில் மலையாளப் பிள்ளைகள் இருந்தால் கோவை ராமநாதபுரத்தில் உள்ள, கேரளக் கத்தோலிக்க மரபான சீரோ மலபார் கோவிலில் அவர்களுக்கு ஞாயிறு பூசைக் கடன் தீரும், உங்களுக்கும் தீரும். உடம்பு முடியாதவருக்கு ஞாயிறு பூசைக் கடனே இல்லை. படுக்கையை விட்டு எழ முடியாத மனச்சோர்வும் உடம்பு முடியாமைதான் என்று அவளிடம் சொல். கூட்டத்தில் இன்னும் இரண்டு பேரை அவள் சம்மதத்தோடு சேர்த்துக்கொண்டு முறை வைத்துக் கூட இருங்கள். நீயும் தூங்க வேண்டும், உனக்கும் செமஸ்டர் வருகிறது.

கோவை அரசு மருத்துவமனை ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் திருச்சி ரோட்டில் இருக்கிறது. மனநலப் பிரிவு காலையில் பார்க்கும். திருப்பூர், பெருந்துறை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உண்டு. வார்டனிடம் முந்தின ராத்திரியே அவுட் பாஸ் வாங்கி வைத்துவிடு. ஓ.பி. சீட்டு வரிசை நீளும், சீக்கிரம் கிளம்புங்கள். எப்போதிருந்து தூக்கம் இல்லை, என்ன சாப்பிடுகிறாள், என்ன சொன்னாள் என்பதை ஒரு தாளில் நீயே எழுதி எடுத்துப் போ, அங்கே போனதும் அவளுக்கு வாய் வராது. மெஸ்ஸில் இட்லி இருந்தால் நாலு கட்டிக்கொள், தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள். வரிசையில் நிற்கும்போது அவளுக்குப் பசிக்கும்.