காசாளர் வேலைக்குப் போனால் காசு சேருமா?

காரைக்குடியில் மாதக் கடைசி ஞாயிறன்று கூடும் எங்கள் நாணயச் சேகரிப்பாளர் குழுவில் ஓர் இளைஞர் போன மாதம் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். வங்கியில் பகுதி நேரக் காசாளராக உட்கார்ந்தால் அபூர்வ நாணயங்கள் தானாகக் கைக்கு வருமே என்றார். 31 வருடம் கவுண்டரில் பணம் எண்ணியவன் என்பதால் பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். துண்டுச் சீட்டுகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். தொடங்கும் முன் ஒன்று: காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

கேள்வி (காரைக்குடி, பட்டதாரி): அப்பாவின் கடையையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. காலையில் மட்டும் காசாளராக இருக்க முடியுமா?

பதில்: முடியாது. ஸ்டேட் வங்கி தனியாகத் தேர்வு வைக்கிறது; மற்றப் பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் வேலை ஐ.பி.பி.எஸ். என்ற வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனத்தின் தேர்வு வழியாகத்தான் கிடைக்கும். ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், பொதுப் பிரிவினருக்கு வயது 20 முதல் 28க்குள் இருக்க வேண்டும், தமிழ் எழுதப் படிக்கப் பேசத் தெரிய வேண்டும். அது முழுநேர வேலை. சேர்ந்த பிறகு அனுமதி இல்லாமல் வேறு தொழில் பார்க்கவும் கூடாது, அப்பா கடையானாலும் சரி. இத்தனைக்கும் பிறகு உங்களைக் காசுக் கவுண்டரிலேயே வைத்திருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. அடுத்த வாரமே பாஸ்புக் அச்சடிக்கும் மேசைக்கு மாற்றிவிடலாம். நாணயத்துக்காக இந்தத் தேர்வை எழுதுவது, கல்யாணச் சாப்பாட்டு அப்பளத்துக்காக மாப்பிள்ளை ஆவது போல.

கேள்வி (கோட்டையூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்): மருமகன் அமெரிக்காவில் இருக்கிறார், நாணயம் சேர்ப்பவர். அங்கே வங்கியில் பகுதி நேரக் காசாளர் வேலை உண்டாம். சேரச் சொல்லலாமா?

பதில்: இந்தப் பேச்சே அங்கிருந்து வந்ததுதான் சார். அங்கே அதற்கு அர்த்தம் இருக்கிறது. 1964 வரை அடித்த 10 சென்ட், 25 சென்ட், அரை டாலர் காசுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1965 முதல் 1970 வரை அரை டாலரில் மட்டும் நாற்பது பங்கு. போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை வந்த 5 சென்ட்டில் சிலவற்றில் முப்பத்தைந்து பங்கு. அந்த அரசு இவற்றைச் செல்லாது என்று இன்றுவரை அறிவிக்கவில்லை. தாத்தா இறந்த வீட்டில் பேரன் ஜாடியைக் கவிழ்த்து வங்கியில் கட்டினால், வெள்ளியும் முகமதிப்புக்கே, அதாவது காசில் பொறித்த தொகைக்கே, கல்லாவில் விழும். தொண்ணூறு பங்கு வெள்ளிக் காசை ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புதிய காசின் விளிம்பில் செம்பு வரி ஓடும், பழையதில் வெள்ளை மட்டுமே இருக்கும்.

நம் ஊரில் அந்த வாய்ப்பு என்றோ போய்விட்டது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1940இல் அது பாதி வெள்ளியானது, 1947இல் நிக்கலானது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்து அணாக் கணக்கையும் கட்டிவைத்தது. வெள்ளி ரூபாய் வைத்திருப்பவர் இன்று நகைக்கடைக்குப் போவார், வங்கிக்கு வரமாட்டார்.

மருமகனிடம் ஒன்று சொல்லுங்கள். தன் பணத்தை வைத்துக் காசை மாற்றிக்கொள்ளக் கிளையில் அனுமதி உண்டா என்று சேரும்போதே கேட்கட்டும். சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் அதற்கே வேலை போகும். அனுமதி இருந்தாலும் தன் கல்லாவில் தானே கைவைக்கக் கூடாது. வேலை நேரம் முடிந்து வெளியே வந்து, பக்கத்துக் கவுண்டரில் வாடிக்கையாளராக நின்று வாங்கட்டும்.

கேள்வி (தேவகோட்டை): 31 வருடத்தில் நீங்கள் என்னதான் சேர்த்தீர்கள்?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் குத்தலும் இருக்கிறது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கிகளில் மாற்ற 29ஆம் தேதி வரைதான் அவகாசம். அந்தக் கடைசி வாரத்தில் பால் பூத், பெட்டிக்கடை, வீட்டு உண்டியல் என்று மஞ்சள் பையிலும் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் வந்து கொட்டினார்கள். விரல்நுனி கறுத்துவிடும், சோப்புக்கும் போகாது. சாமி உண்டியல் காசு என்றால் சிங்க முகத்தில் குங்குமம் அப்பியிருக்கும், நகத்தால் சுரண்டினால்தான் ஆண்டு தெரியும். முக்கால்வாசி காண்டாமிருகப் படம் போட்ட 25 பைசா. நடுநடுவே நினைவுக் காசுகள்: 1980 கிராமப் பெண்கள் முன்னேற்றம், 1981 உலக உணவு நாள், 1982 ஆசிய விளையாட்டு, 1985 வனம்.

காலையில் உட்காரும்போதே சட்டைப்பையில் எவ்வளவு வைத்திருக்கிறேன் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். மாலையில் கணக்கு முடித்த பிறகு, அதிகாரியிடம் சொல்லிவிட்டு, இரண்டே முக்கால் ரூபாய் கட்டிப் பதினொன்று வாங்கினேன். ஒரு வாரக் கறுப்பு விரலுக்குப் பதினொரு காசு. மாலைக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் நம் பையிலிருந்து போட வேண்டும், கூடினால் அது வங்கிக்குப் போகும். இதைத் தெரிந்துகொண்டு ஆசைப்படுங்கள்.

கேள்வி (கண்டனூர்): வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்குப் பத்து லட்சம் தருகிறார்களாமே?

பதில்: தரமாட்டார்கள். முதலில் உங்களிடம் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், பிறகு வரி என்பார்கள், பிறகு போன் எடுக்கமாட்டார்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

கேள்வி (புதுவயல்): 786 எண் உள்ள தாள்?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி (காரைக்குடி): ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு இருக்கிறது. எந்த வங்கியில் விசாரிக்கலாம்?

பதில்: எந்த வங்கியிலும் வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் தேடிப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழையது போல் தெரிய அதை என்னென்னவோ செய்து கறுப்பாக்குகிறார்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் நிஜமான பழைய காசைப் புளி போட்டு வெளுப்பாக்குகிறீர்கள்.

கேள்வி (தேவகோட்டை, ஓய்வு பெற்ற தணிக்கையாளர்): பத்து ரூபாய் வைத்துப் பத்து ரூபாய் எடுத்தால் வங்கிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பிறகு ஏன் இத்தனை பயமுறுத்தல்?

பதில்: வங்கிக்கு நஷ்டமில்லைதான். ஒரு நாள் ஓர் ஆச்சி பேத்தியின் கணக்கில் போட டிரங்குப் பெட்டிப் பணத்தைக் கொண்டுவந்தார்கள். தாள்களுக்கு நடுவே 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய்க் காசுகள் நான்கு. ஒவ்வொன்றும் 15 கிராம், ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி. சலானில் நாற்பது ரூபாய் என்று எழுதியிருந்தது. “ஆச்சி, இதை மட்டும் திரும்பக் கொண்டுபோய்ப் பெட்டகத்தில் வையுங்கள்” என்றேன். பழைய காசை வங்கி வாங்காது போல என்று நினைத்து என்னைச் சத்தம் போட்டார்கள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தணிக்கையாளர் விடவில்லை. “அறிவுக்கு விலை உண்டு. கடைத்தெருவில் தினமும் நடப்பதுதானே? தெரிந்தவன் வாங்குகிறான், தெரியாதவன் விற்கிறான்.” கானாடுகாத்தான் உறுப்பினர், பள்ளி ஆசிரியை, எழுந்தார். “கடைக்குப் போகிறவள் பேரம் பேசத் தயாராகப் போகிறாள். வங்கிக் கவுண்டரில் யார் அண்ணே பேரம் பேசுகிறார்கள்? நம்பிக் கொடுக்கிறார்கள்.” அதற்கு அவர், “அப்படியானால் சலானில் முத்திரை விழுந்த பிறகு?” என்று மடக்கினார். விழுந்த பிறகு அது வங்கியின் காசு, அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம், விழுவதற்கு முன்னால் கண்ணில் பட்டுவிட்டால் சொல்லியே ஆகவேண்டும் என்றேன். “கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்திவிட்டால்?” என்றார். தணிக்கை உத்தியோகம் பார்த்தவர் அல்லவா. அரை மணி நேரம் போயிற்று. வடை ஆறிவிட்டது.

அவர் கேட்டது என்னைத் தைத்தது, காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் இதே காந்திக் காசு இரண்டைக் கட்டினார். நான் வாய் திறக்கவில்லை. முத்திரை குத்தினேன், இருபது ரூபாய் வைத்து எடுத்துக்கொண்டேன். விதிப்படி எல்லாம் சரி. அவர் மாதாமாதம் பென்ஷன் வாங்க வருவார். அவர் தலை தெரிந்ததும் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். அந்த இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன, ஆல்பத்தில் வைக்கவில்லை.

கேள்வி (பள்ளத்தூர்): எங்கள் ஐயா பர்மாவில் கொண்டுவிற்கப் போனவர். இரண்டாம் கட்டுப் பெட்டியில் ஜப்பான் தாள் கட்டுக்கட்டாக இருக்கிறது. வங்கியில் மாற்றலாமா?

பதில்: மாற்ற முடியாது ஆச்சி, ஆனால் எரித்துவிடாதீர்கள். 1942 முதல் ஜப்பானியர் அச்சடித்துத் தள்ளியது அது. தாளில் அச்சான ஆங்கில எழுத்துகள் ‘பி’யில் தொடங்கினால் பர்மா, ‘எம்’ என்றால் மலாயா. மலாயாப் பத்து டாலரில் வாழைமரம் இருக்கும். போர் முடிந்ததும் எல்லாம் வெறும் காகிதமாயிற்று. செட்டிநாட்டில் ஏராளமாகக் கிடப்பதால் விலை சொற்பம்தான். கட்டின் அடியில் ஆறாம் ஜார்ஜ் படத்தோடு ரிசர்வ் வங்கித் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று, அச்சான தாளின் மேலேயே மறுபடி ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தால் மடிக்காமல் எடுத்து வாருங்கள், அடுத்த கூட்டம் முழுவதையும் உங்களுக்கே தருகிறேன். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. அந்தத் தாள் நம் ஊர்ப் பெட்டியில் இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

கேள்வி (குன்றக்குடி): கவுண்டரில் வரும் கள்ள நோட்டைச் சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. முத்திரை குத்திப் பறிமுதல் செய்வார்கள், கொடுத்தவருக்கே திரும்பக் கிடைக்காது. ஒரே தடவையில் ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் போலீஸ் வழக்கு. செல்லாத 500, 1000 தாள்களைச் சேகரிப்புக்காக 25 வரை வைத்திருக்கலாம், 2017 சட்டம் அனுமதிக்கிறது.

கேள்வி (காரைக்குடி, முதல் சீட்டு எழுதிய அதே பட்டதாரி): அப்படியானால் நான் என்னதான் செய்வது?

பதில்: கவுண்டரின் இந்தப் பக்கம் நில்லுங்கள். உங்கள் அப்பா கடைக்குச் சில்லறை வேண்டும்தானே? வங்கியில் நூறு காசுப் பையாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கொட்டிப் பாருங்கள், வேண்டியதை எடுங்கள், மீதியைக் கடையில் புழங்குங்கள். எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்றும் பாருங்கள்: ஆண்டுக்குக் கீழே வைரக் குறி என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. 1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர், 2009 அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய், 2010 தஞ்சைப் பெரிய கோயில் 5 ரூபாய் மூன்றையும் முதலில் சேருங்கள். அண்ணா காசில் அவர் தமிழ்க் கையெழுத்து இருக்கும். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம், தேர்வும் வேண்டாம்.

கேள்வி (பெயர், ஊர் இல்லை): பிள்ளையார்பட்டியில் உண்டியல் எண்ணும் சேவைக்குப் போனால் பழைய காசு பார்க்கலாமா?

பதில்: கோயிலுக்குச் சாமி கும்பிடப் போங்கள்.

கேள்வி (கண்டனூர்): 10 லட்சம் இல்லாவிட்டாலும் வைஷ்ணவ தேவிக்கு ஒரு லட்சமாவது?

பதில்: 5 ரூபாய். கடையில் கொடுத்தால் ஒரு பாக்கெட் பிஸ்கட் தருவார்கள்.

கேள்வி (ஊர் இல்லை): புளி வேண்டாம் என்கிறீர்கள். விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: இந்தச் சீட்டை எழுதியவர் எழுந்து நில்லுங்கள்.