மில்டன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, பார்வை போன பிறகு ஆங்கிலக் கவிஞர் மில்டன், ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியைப் பாடும் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காப்பியத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளை எப்படி எழுதினார்?

பதில்: எழுதவில்லை, வாயால் சொன்னார். 1652இல் அவருடைய பார்வை முற்றிலும் போய்விட்டது. இரவில் படுக்கையிலேயே அடிகள் மனத்தில் உருவாகும். விடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, அதன் கைமீது ஒரு காலைப் போட்டபடி சொல்லத் தொடங்குவார். உறவினரோ நண்பரோ மாணவரோ, கிடைத்தவர் எழுதிக்கொள்வார். எழுதுபவர் வரத் தாமதமானால், தன்னைக் ‘கறக்க வேண்டும்’ என்று குறைபட்டுக்கொள்வாராம். மடி கனத்த பசுவின் வேதனை அது. இத்தனை அடிகளையும் நினைவில் தேக்கிவைத்த அந்த மனத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கேள்வி: அந்தக் காப்பியத்தை வெறும் 5 பவுண்டுக்கு விற்றாராமே?

பதில்: 1667 ஏப்ரலில் சாமுவேல் சிம்மன்ஸ் என்ற அச்சகர் கொடுத்த முன்பணம் அது. முதல் பதிப்பில் 1,300 பிரதிகள் விற்றதும் இன்னும் 5 பவுண்டு என்று ஒப்பந்தம். அதுவும் அவர் கைக்கு வந்தது.

கேள்வி: கடவுளை எதிர்த்துக் கலகம் செய்த சாத்தான்தான் காப்பிய நாயகன் என்கிறார் எங்கள் பேராசிரியர். சரியா?

பதில்: முதல் இரண்டு காண்டங்களோடு நிறுத்திக்கொண்டால் சரிதான். சொர்க்கத்தில் ஊழியம் செய்வதைவிட நரகத்தில் ஆள்வதே மேல் என்று அவன் முழங்கும்போது யாருக்கும் நெஞ்சு நிமிரும். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை கொய்யப்பட்டதை நியாயப்படுத்தி 1649இல் எழுதியவர் மில்டன். 1660இல் முடியாட்சி திரும்பியதும் சிறைக்கும் போனார். கலகக்காரனின் குரல் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மேலே படியுங்கள். நான்காம் காண்டத்தில் அவன் நீர்க்காகம்போல் மரத்தில் அமர்கிறான். பிறகு தேரையாக ஏவாளின் காதருகே குந்துகிறான். பத்தாம் காண்டத்தில், ஆதாமையும் ஏவாளையும் வீழ்த்திய வெற்றிச் செய்தியோடு நரகம் திரும்பியவனுக்குக் கிடைப்பது கைதட்டல் அல்ல, சீறல்; கூடியிருந்த அத்தனை பேரும் பாம்புகளாகிறார்கள், அவனும்தான். இந்தப் படிப்படியான சரிவைக் காணாமல் அவனை நாயகன் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: அவருடைய ஆங்கிலம் மிரட்டுகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: தொடக்கத்திலேயே தொடங்குங்கள். முதல் வாக்கியம் 16 அடிகள் நீள்கிறது. மனிதனின் முதல் கீழ்ப்படியாமை, விலக்கப்பட்ட கனி, சாவு, ஏதேன் இழப்பு என்று ஐந்து அடிகள் அடுக்கிய பிறகு ஆறாம் அடியில்தான் ‘பாடு’ என்ற வினை வருகிறது. லத்தீன் கற்றுத்தந்த நடை அது. வினைக்காகக் காத்திருப்பது நமக்குப் பழக்கம்தானே! அடியின் முடிவில் நிற்காமல், பொருள் முடியும் இடத்தில் மூச்சுவிட்டு, வாய்விட்டுப் படியுங்கள்.