மனைவி விசாவா, ஓய்வு விசாவா?

கேள்வி: எனக்கு 56 வயது. மனைவி தாய்லாந்துக்காரர். சியாங் மாயில் அவர் வீட்டிலேயே குடியேறப் போகிறேன். ஓய்வு பெற்றவன் என்று விசா எடுப்பதா, மனைவி வழியில் எடுப்பதா?

பதில்: கையிருப்பைப் பொறுத்தது. 50 வயதைத் தாண்டியவருக்கான ஓய்வு விசாவை ஆண்டுதோறும் நீட்டிக்க, வங்கி இருப்பைக் காட்டுவதானால் அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட் வேண்டும், அதுவும் விண்ணப்பிப்பதற்கு 2 மாதம் முன்பிருந்தே. கிடைத்த பிறகும் 3 மாதம் அதைத் தொடக்கூடாது, அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதால் பாதிப் பணம் முடங்கியே கிடக்கும். மனைவி வழியில் 4 லட்சம் போதும், அல்லது மாதம் 40,000 பாட் வருமானம். ஆனால் அலைச்சல் அதிகம். வீட்டுக்குள் இருவரும் சேர்ந்திருக்கும் படம், வாசலில் கதவு எண் தெரிய நிற்கும் படம் வரை கேட்பார்கள் (கொஞ்சம் சிரித்தே நில்லுங்கள்!). வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மனைவி வழிதான். ஓய்வு விசாவில் வேலைக்கு அனுமதி கிடையாது.

எதுவானாலும் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். வெளிநாடு கிளம்பும் முன் 1,000 பாட் கட்டி மறுநுழைவு அனுமதி வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் விமானம் ஏறினால் நீட்டிப்பு அத்தோடு காலி, திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.